வீட்டுக் கூடமே பயிற்சிக்கூடம்: பக்கவாதத்துக்குப் பிறகு தொலைவழி மறுவாழ்வுச் சிகிச்சை

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டுத் தருவார்கள். மருந்துகளின் பட்டியலே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அடியில், பல நேரங்களில் ஒரே வரியில், ‘பிசியோதெரபியைத் தொடரவும்’ என்று இருக்கும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று துல்லியமாகச் சொல்லும் அந்தத் தாள், இந்த ஒரு வரியை மட்டும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. யார் சொல்லித்தருவது? ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்வது? எங்கே அழைத்துப் போவது? ஒரு பக்கம் விழுந்துபோனவரைப் படியிறக்கி, வண்டியில் ஏற்றி, காத்திருந்து, அரை மணி நேரப் பயிற்சி முடிந்து திரும்ப அழைத்து வருவதற்குள் அவரும் துவண்டுவிடுகிறார், கூடப் போனவரும் துவண்டுவிடுகிறார். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று முறை போவார்கள். அடுத்த மாதம் ஒரு முறை. பிறகு ஏதோ ஒரு காய்ச்சலோ கல்யாணமோ குறுக்கே வர, அதோடு நின்றுவிடும். மருந்துச்சீட்டு மட்டும் தவறாமல் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த ஒற்றை வரியை ஆளில்லாமல் விட்டுவிடாமல் இருக்க உருவானதுதான் தொலைவழி மறுவாழ்வுச் சிகிச்சை. நோயாளி தன் வீட்டில் இருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவர் வேறெங்கோ இருக்கிறார். நடுவே ஒரு செல்பேசியோ கணினியோ. காணொளி அழைப்பில் அவர் பார்க்கிறார், சொல்லித்தருகிறார், திருத்துகிறார். அழைப்பு முடிந்த பிறகு செய்ய வேண்டியதைக் குறித்துக் கொடுக்கிறார். கேட்டவுடன் எவருக்கும் எழும் ஐயம் ஒன்று உண்டு: தொட்டுச் செய்ய வேண்டிய வைத்தியத்தைத் தொடாமல் எப்படிச் செய்வது? நியாயமான கேள்விதான். பதிலை மூளையிலிருந்து தொடங்க வேண்டும்.

சுற்றுவழி தேடும் மூளை

‘பாரிச வாயு’ என்று நம் முன்னோர் இதற்கு வைத்த பெயரைக் கேட்டால், கையிலோ காலிலோ ஏதோ புகுந்துகொண்டது போலத் தோன்றும். உண்மையில் கைக்கும் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது அல்லது வெடித்துவிடுகிறது. பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டு சிகிச்சை கிடைக்காமல் இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூளையின் இடப்பக்கம் பெரும்பாலும் உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. வலப்பக்கம் இடப்பக்கத்தை ஆள்கிறது. அதனால்தான் மூளையின் ஒரு பக்கத்தில் அடைப்பு, எதிர்ப்பக்கக் கைகால்களில் செயலிழப்பு. ஆணையிடும் இடம் சேதமாகிவிட்டது; ஆணையை ஏற்கும் தசை சும்மா காத்திருக்கிறது.

மடிந்த அணுக்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் பகுதிகள், போன வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள முடியும். பாலம் இடிந்த ஊரில் மக்கள் சந்துபொந்துகளில் நடந்து நடந்து புதுப் பாதை போட்டுவிடுவதைப் போல. நடந்தால்தான் பாதை விழும் என்பது இங்கே முக்கியம். 1996-இல் ராண்டால்ஃப் நூடோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அணில் குரங்குகளின் மூளையில், கையை ஆளும் பகுதியில் சிறு சேதத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். பயிற்சி தரப்படாத குரங்குகளில், சேதமாகாமல் தப்பிய கைப்பகுதியும்கூட மெல்லச் சுருங்கியது. சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை எடுக்கும் பயிற்சியை விடாமல் செய்த குரங்குகளில் அந்தப் பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் அண்டைப் பகுதிக்குள்ளும் பரவியது. பயன்படுத்தாத இடத்தை மூளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது.

சரி, எவ்வளவு பயன்படுத்த வேண்டும்? விலங்குகளிடம் நடந்த சோதனைகளில் ஒரே அசைவை ஓர் அமர்வில் சில நூறு முறை செய்யவைத்தார்கள். மனிதர்களுக்குக் கிடைப்பது என்ன? கேதரின் லாங் என்பவரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். கைக்கான அமர்வு ஒன்றில், பொருளை எடுப்பது வைப்பது போன்ற பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. நடைப் பயிற்சியில் 357 அடிகள். 32 என்ற அந்த எண்ணை நான் முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். மையத்தில் இருப்பவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. கொடுக்கப்பட்ட நேரத்தில் உடை மாற்றுவது, இடம் மாறுவது, இளைப்பாறுவது, விசாரிப்பது எல்லாம் போக மிஞ்சுவது அவ்வளவுதான்.

ஆகவே கணக்கு இப்படி வருகிறது: பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கும் நேரத்தில் மட்டும் ஒருவர் தேறிவிட முடியாது. அவர் இல்லாத நேரத்தில் நடப்பதுதான் பெரும்பங்கு. அந்த நேரம் கழிவது வீட்டில். தொலைவழிச் சிகிச்சை என்றதும் நமக்குத் திரைதான் கண்ணில் படுகிறது. ஆனால் இதன் சரக்கு, ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே ஒருவர் எத்தனை முறை கையை நீட்டினார் என்பதில் இருக்கிறது. திரை செய்வது இரண்டே வேலை. அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்கிறது. தவறான அசைவு ஆயிரம் முறை திரும்பிப் பழக்கமாகிவிடாமல் தடுக்கிறது.

அன்பு செய்யும் கெடுதல்

எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்த விஷயம் ஒன்றைக் குடும்பத்தினர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதத்துக்குப் பிந்தைய நாட்களில் பலவீனமான கையை நீட்டிப் பார்க்கிறார், முடியவில்லை, கோப்பை கவிழ்கிறது. நல்ல கையால் எடுக்கிறார், வேலை முடிகிறது. இது பத்து நாள் தொடர்ந்தால், அந்தக் கை இனி வேண்டாம் என்று மூளை பாடம் கற்றுக்கொண்டுவிடுகிறது. பின்னர் அந்தக் கையில் ஓரளவு பலம் திரும்பியிருந்தாலும் அதைப் பயன்படுத்தத் தோன்றுவதில்லை. முடியாமல் விடுவது வேறு, முடிந்தும் விட்டுவிடுவது வேறு. பின்னதை அவர் ‘கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை’ என்றார்.

அதற்கு அவர் வகுத்த மருந்து சற்றுக் கடுமையானது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி பலவீனமான கையாலேயே வேலைகளைச் செய்யவைப்பது. 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளிவந்த ‘எக்ஸைட்’ ஆய்வில், இரண்டு வாரம் இப்படிச் செய்தவர்களின் கை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறியிருந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் தெரிந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது அசைக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். தானாக யாரும் தொடங்கிவிடவும் கூடாது.

இப்போது வீட்டை நினைத்துப் பாருங்கள். அவர் கரண்டியை நோக்கிக் கையை நகர்த்தத் தொடங்கும் முன்பே மகள் ஊட்டிவிடுகிறாள். பொத்தான் துளையைத் தேடித் தடவும்போது மனைவி வந்து போட்டுவிடுகிறார். எல்லாம் பாசம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு பயிற்சி அவரிடமிருந்து பறிபோகிறது. மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு காணொளி அழைப்பு போட்டால் தெரிந்துவிடும். தொலைவழிச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்: நோயாளி நிஜமாக வாழும் இடத்தை அது பார்க்கிறது. எந்த நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிக்கிறாரோ அந்த நாற்காலியிலேயே எழுந்து பழகலாம். குளியலறை வாசலில் கால் இடறுகிறது என்றால் அந்த வாசலையே கேமராவில் காட்டலாம்.

ஓர் அழைப்பு எப்படிப் போகும்?

ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து ஏழு வாரம். பிடித்துக்கொண்டு நிற்கிறார், சில அடிகள் நடக்கிறார். இடது கை தோள்வரை உயராது, விரல்கள் மடங்கியே இருக்கின்றன.

முதல் அழைப்பில் பயிற்சியைவிட ஏற்பாடே அதிகம். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது, முதுகுச்சாய்வு உறுதியாக இருக்க வேண்டும், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். தரையில் கிடக்கும் பாய், கம்பி, வழுக்கும் துணி எல்லாம் அகல வேண்டும். வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வந்தால் திரையில் கறுப்பு நிழல்தான் தெரியும். ஆகவே சன்னலைப் பார்த்து உட்காரவைப்பார்கள். எழுந்து உட்காரும் பயிற்சிக்குக் கேமரா பக்கவாட்டில், தலை முதல் பாதம்வரை தெரியும்படி இருக்க வேண்டும். முகத்தை மட்டும் காட்டும் படம் இங்கே உதவாது. வீட்டிலிருந்து ஒருவர், பலவீனமான பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். வீட்டு முகவரியையும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் பிசியோதெரபிஸ்ட் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்துவிட்டால் அவரால் ஓடிவர முடியாது அல்லவா?

பிறகு அளவெடுப்பார். கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது, கை எவ்வளவு உயரம் போகிறது, விரல் எத்தனை திறக்கிறது. கை அசைவை மதிப்பிட ‘ஃபூகல்-மேயர்’ என்றொரு அளவுகோல் உண்டு. கைக்கான அதன் முழு மதிப்பெண் 66. அதில் சிலவற்றைத் தொட்டுத்தான் பார்க்க முடியும் என்றாலும் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்தே போட்டுவிடலாம்.

பயிற்சிப் பொருள்கள் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். மேசைமேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளுவது. காலிக் கோப்பையை எடுத்து ஒரு சாண் தள்ளி வைப்பது. துணி மாட்டும் கிளிப்பைத் திறந்து அட்டையின் விளிம்பில் மாட்டுவது. நாணயங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடுவது. படுக்கையில் முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. பார்க்க விளையாட்டாக இருக்கும். பதினைந்தாவது முறை நெற்றி வியர்க்கும். பிசியோதெரபிஸ்ட்டின் திறமை தெரிவது இங்கேதான். கோப்பையை எடுக்கும்போது தோளைத் தூக்கி உடம்பையே முன்னே சாய்க்கிறாரா? அப்படியென்றால் கை வேலை செய்யவில்லை, முதுகு செய்கிறது. ‘முதுகை நாற்காலியில் ஒட்டிவைத்துக்கொண்டு எடுங்கள்’ என்று ஒரு சொல். சுலபமாகிவிட்டால் கோப்பையில் தண்ணீர். அதுவும் சுலபமாகிவிட்டால் உயரமான அலமாரி. எப்போதும் முடிந்துவிடுவதும் வேண்டாம், எப்போதும் தோற்பதும் வேண்டாம்.

இரப்பர் பந்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பக்கவாதம் என்றதும் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் பந்து வாங்கி வந்து, அழுத்திக்கொண்டே இருக்கச் சொல்வார். விரல்கள் ஏற்கெனவே இறுக மடங்கிக் கிடப்பவருக்கு மடக்குவதா பிரச்சினை? திறப்பதுதானே? பந்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும் இன்னொன்று கண்ணாடிப் பயிற்சி. துண்டிக்கப்பட்டு இல்லாமல்போன கையில் வலி வரும் நோயாளிகளுக்காக விளையனூர் ராமச்சந்திரன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1990-களில் உருவாக்கிய உத்தி இது. மேசையின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, பலவீனமான கையை அதன் பின்னே மறைத்து, நல்ல கையை அசைத்தபடி கண்ணாடியைப் பார்க்க வேண்டும். விழுந்த கையே அசைவது போலக் கண் காணும். 1999-இல் இதைப் பக்கவாத நோயாளிகளிடம் முயன்று பார்த்தார்கள். பிறகு வந்த பல ஆய்வுகள், மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்கின்றன. இதற்குத் தேவை ஒரு கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும்தான்.

எல்லாத் திட்டங்களும் நேரடி அழைப்பாகவே நடப்பதில்லை. சிலவற்றில் நோயாளி தன் பயிற்சியைப் படமெடுத்து அனுப்புவார்; பிசியோதெரபிஸ்ட் பிறகு பார்த்துத் திருத்தம் சொல்வார். சிலவற்றில் மணிக்கட்டில் கட்டும் கருவி அசைவுகளை எண்ணும். திரையில் மீன் பிடிப்பது, பலூன் உடைப்பது போன்ற விளையாட்டுகளும் உண்டு. கருவி எதுவும் இல்லாமல், சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட்டு எண்ணினாலும் போதும். எண்ணாமல் விடுவதுதான் தவறு.

பலன் உண்டா?

இதை நேருக்கு நேர் சோதித்த நல்ல ஆய்வு ஒன்றை ஸ்டீவன் கிரேமரும் குழுவினரும் அமெரிக்காவில் 11 இடங்களில் நடத்தி 2019-இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து 4 முதல் 36 வாரங்கள் ஆன 124 பேர். பாதிப்பேர் மையத்துக்குப் போனார்கள், மீதிப்பேர் வீட்டிலிருந்தே திரை வழியாகச் செய்தார்கள். இரு தரப்புக்கும் 70 நிமிட அமர்வுகள் 36. அவற்றில் பாதி மேற்பார்வையோடு, பாதி தாமாகவே. முடிவில், முன் சொன்ன 66 மதிப்பெண் அளவுகோலில் மையத்துக்குப் போனவர்கள் சராசரியாக 8.36 புள்ளியும் வீட்டிலிருந்தவர்கள் 7.86 புள்ளியும் முன்னேறினார்கள். வீடு எந்த வகையிலும் மட்டமில்லை என்பது ஆய்வாளர்களின் தீர்ப்பு. இதில் கவனிக்க வேண்டியது, இரு தரப்புக்கும் பயிற்சியின் அளவு ஒன்றே என்பது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டின் மதிப்பாய்வும் ஏறக்குறைய இதே திசையில்தான் பேசுகிறது, ஆதாரம் இன்னும் வலுப்பட வேண்டும் என்ற எச்சரிக்கையோடு.

இதற்கு எதிர்முனையில் நிற்கும் ஓர் ஆய்வையும் சொல்லாவிட்டால் நான் பாதிக் கதைதான் சொன்னவனாவேன். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு 2017-இல் வெளிவந்தது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரே வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சையை நடத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் சேர்ந்து அந்தத் தரப்பில் 47 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு பெற்ற தரப்பிலும் அதே 47. இரண்டு ஆய்வுகளும் வேறுவேறு நோயாளிகளை, வேறுவேறு அளவுகோலால் அளந்தவை. நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும், வீட்டாரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், மீதி தானே நடக்கும் என்று நம்புகிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. தேர்ந்த கண் ஒன்று தொடர்ந்து பார்த்து, பயிற்சியை வாரந்தோறும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றே நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

திரைக்கு எட்டாதவை

விழுங்கும்போது புரையேறுகிறவரை முதலில் நேரில் சோதிக்க வேண்டும். உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும். தசை இறுக்கம் எவ்வளவு என்பதைக் கையால் அசைத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். பலவீனமான கையின் தோள்மூட்டு தளர்ந்து கீழிறங்கியிருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடுவது கூடவே கூடாது. இதையெல்லாம் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட்டுத் திரைக்கு வருவது நல்லது.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு, இடப்பக்க உலகமே இல்லாதது போல ஆகிவிடும். கண் பார்க்கும், மூளை கவனிக்காது. தட்டின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இவர் திரையின் இடது ஓரத்தில் பிசியோதெரபிஸ்ட்டின் முகம் இருந்தால் அழைப்பே வரவில்லை என்றுகூடச் சொல்லலாம். முதலில் திரையை வலப்பக்கம் வைத்து, மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்த்துவார்கள். பேச்சு இழந்தவர்களின் கதை வேறு. பேச்சுப் பயிற்சி திரையில் நன்றாகவே நடக்கும். படம் காட்டிப் பெயர் கேட்பதற்குத் தொட வேண்டிய தேவையில்லை. வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

தொடங்கும் காலமும் முக்கியம். சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதற்காக அவசரப்படவும் கூடாது. 2,104 பேரிடம் நடந்து 2015-இல் வெளிவந்த ‘அவெர்ட்’ ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நிறுத்தி நடக்கவைத்தவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினார்கள். உடல்நிலை சீராகி, மருத்துவர் சரி என்ற பிறகுதான் தீவிரப் பயிற்சி. வேகமான முன்னேற்றம் முதல் சில மாதங்களில் தெரியும். அதன்பின் வேகம் குறையும். ஆனால் ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. ஓராண்டு கடந்தவர்களும் பயிற்சியால் முன்னேறியிருக்கிறார்கள்.

களைப்பும் மனச்சோர்வும் இந்த நோயோடு சேர்ந்தே வருபவை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. பயிற்சிக்கு வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவரைப் பிடிவாதக்காரர் என்று முடிவுகட்டும் முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

பயிற்சிக்கு முன் இரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பது பல திட்டங்களில் வழக்கம். எந்த அளவுக்கு மேல் போனால் அன்று பயிற்சி வேண்டாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வாய் கோணுவது, ஒரு கை தானாகக் கீழே சரிவது, பேச்சு குழறுவது என்று முதல்முறை வந்த அறிகுறிகளில் எது திரும்பத் தெரிந்தாலும், அடுத்த அழைப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இப்படி ஒரு திட்டத்தில் சேர்வதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு முறையும் அதே பிசியோதெரபிஸ்ட்தான் வருவாரா, ஆள் மாறிக்கொண்டே இருப்பாரா? பயிற்சியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள்? முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பார்கள்? காணொளிப் பதிவுகள் யாரிடம் இருக்கும்? எல்லோருக்கும் ஒரே பயிற்சிப் படத்தை அனுப்பிவிட்டு மாதம் ஒருமுறை நலம் விசாரிப்பவர்களும் தங்களைத் தொலைவழிச் சிகிச்சை என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நடுவில் இணைய இணைப்பு அறுந்துபோனால் என்ன செய்வது என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தொலைபேசி அழைப்பில் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே பயிற்சியை முடித்துவிடலாம்.